அடுத்த தெரு அருணாசலம்

சிவமயம்

பாளையங்கோட்டை
23-10-96

முக்கூடல் மகாஸ்ரீ குற்றாலலிங்கம் அண்ணாச்சி அவர்கள் சமூகத்துக்கு, பாளையங்கோட்டை அருணாசலம் இரண்டு கையும் கூப்பி எழுதிக்கொள்வது. தாங்களும் மதினி நீலாம்பாள் அவர்களும் தங்கள் குமாரன் சிரஞ்சீவி சிவசண்முகமும் குறையில்லாமல் இருக்க நெல்லையப்பரும் காந்திமதி அம்மையும் துணை. இங்கே மகள் பிருந்தா நலம். எனக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு. ஐப்பசி மழை பிடிக்கப்போகிற நேரத்தில் வேர்க்குரு ஏன் வந்தது என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். படிக்கும்போது மதினி பக்கத்தில் இருந்தால் அடுக்களைக்கு அனுப்பிவிட்டுப் படிக்கவும். பிறகு தாங்களே பதம் பார்த்து அவர்களிடம் பைய எடுத்துச் சொன்னால் போதும்.

ஆவணி மாதம் தாங்கள் குடும்பத்தோடு பெண் பார்க்க வந்தபோது, பஜ்ஜி சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போகிற வழியில் என்னைத் தனியே நிறுத்தி ஒரு விஷயம் விசாரித்தீர்கள். "பாளையங்கோட்டையில அருணாசலம்னு ரிட்டயரான ஆளு ஒருத்தர், வீடியோ கடையில உக்காந்து பொம்மப் படத்துக்காகச் சண்ட போடுதாராமே, அது யாரு?" என்று கேட்டீர்கள். மரியாதையாகத்தான் கேட்டீர்கள். நான் கொஞ்சமும் யோசிக்காமல் "அது அடுத்த தெரு அருணாசலம்" என்றேன். அதோடு வாயை மூடியிருக்கலாம். "பாவம், பெண்டாட்டி தவறினதிலிருந்து அவருக்குக் கொஞ்சம் இப்படி" என்று நெற்றிப்பொட்டுக்குப் பக்கத்தில் விரலை வேறு சுழற்றிக் காட்டினேன். தாங்களும் இரக்கப்பட்டு உச்சுக் கொட்டினீர்கள். அண்ணாச்சி, அடுத்த தெருவில் இருப்பது ஒரு மாவு மில்லும் ஒரு ஓமியோபதி வைத்தியரும்தான். அருணாசலம் என்று அங்கே ஒரு ஆளும் கிடையாது. தாங்கள் உச்சுக் கொட்டியது எனக்காகத்தான்.

இந்தக் கிறுக்கு எப்படிப் பிடித்தது என்று கேட்பீர்கள். பிருந்தாவின் அம்மா காலமானபோது அவள் சின்னப் பிள்ளை. அழுதாலாவது தேற்றலாம். அவள் அழவுமில்லை, சிரிக்கவுமில்லை, சுவரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஆபீசில் யாரோ சொன்னார்கள் என்று டெக்கும் ஒரு பொம்மைப் பட காசெட்டும் வாடகைக்கு எடுத்துவந்து போட்டேன். அதில் ஒரு கரடி, தேன் எடுக்க மரத்தில் ஏறித் தொப்பென்று விழும். விழுந்த இடத்திலேயே உட்கார்ந்து, யாராவது பார்த்துவிட்டார்களா என்று சுற்றும்முற்றும் பார்க்கும். பிருந்தா களுக்கென்று சிரித்துவிட்டாள். நான் அடுக்களைக்குள் போய் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு அழுதேன். பிறகு அவள் வளர்ந்தாள், கல்லூரிக்குப் போனாள், கரடியை மறந்தாள். எனக்குத்தான் மறக்க முடியவில்லை. தலைமை எழுத்தராக ஓய்வு பெற்று, சால்வையும் கைக்கடிகாரமும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தவன், மறுநாள் காலையில் போய் நின்ற இடம் ஜெய்சனின் வீடியோ கடை. அந்தக் கரடிப் படம் இன்னும் இருக்கிறதா என்று கேட்டேன். இருந்தது. அன்றைக்குப் பிடித்தது சனி.

அந்தக் கடையில் ஞாயிற்றுக்கிழமைதோறும் எங்கள் பொம்மைப்பட ரசிகர் மன்றம் கூடும். மன்றத்தில் இரண்டு கட்சி. கரடிக் கட்சியில் நானும் தையல்கார மதாரும். வாத்துக் கட்சியில் ஜெய்சனும் நாலைந்து கல்லூரிப் பையன்களும். வாத்து என்பது இப்போது புதிதாக வந்திருக்கிற படம், கையால் வரையாமல் முழுக்க முழுக்கக் கம்ப்யூட்டரிலேயே செய்ததாம். வாத்தின் இறகு ஒவ்வொன்றும் தனித்தனியாகச் சிலிர்க்கிறது, இதைக் கையால் எவன் வரைவான் என்று ஜெய்சன் கேட்பான். இறகு சிலிர்த்து என்ன பிரயோசனம், கரடி விழுந்த பிறகு வெட்கப்படுகிறதே, உன் வாத்துக்கு வெட்கப்படத் தெரியுமா என்று நான் கேட்பேன். கரடி நடக்கும்போது இடது கையும் இடது காலும் ஒன்றாகப் போகும், வலது கையும் வலது காலும் ஒன்றாகப் போகும், அதை வரைந்தவன் எத்தனை நாள் கரடிக்குப் பின்னாலேயே நடந்திருப்பான் என்று எழுந்து நடந்தும் காட்டுவேன். ஜெய்சன் கடை டி.வி.யில் கரடி பச்சையாகத்தான் தெரியும். அதன் உண்மையான நிறம் கறுப்பா காப்பிக்கொட்டையா என்பதில் கரடிக் கட்சிக்குள்ளேயே நானும் மதாரும் ஒரு மாதம் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தோம். ரிட்டயர்டு தலைமை எழுத்தர், பென்ஷன்காரர், கல்யாண வயதில் பெண்ணை வைத்திருக்கிறவர். நினைத்தால் எனக்கே கூசுகிறது.

இப்படி இருக்கையில், தங்கள் ஊருக்கு வருகிற சாலையில் ஆற்றுப் பக்கமாக மதராஸ் கம்பெனி ஒன்று பெரிய கேளிக்கைப் பூங்காவும் அதற்குள்ளேயே தங்கும் விடுதியும் கட்டப்போவதாகப் பேச்சு அடிபட்டது தங்களுக்கும் தெரிந்திருக்கும். ஊரில் மற்றவர்கள் வேலை கிடைக்குமா, நிலத்துக்கு என்ன விலை என்று விசாரித்தார்கள். எங்கள் மன்றத்தில் விசாரித்தது வேறு. விடுதி அறைகள் தேன்கூடு மாதிரி இருக்க வேண்டுமா, வாத்து முட்டை மாதிரி இருக்க வேண்டுமா? சறுக்கு விளையாட்டுக்குத் தாமிரபரணித் தண்ணீரை விடுவது முறையா? சாப்பாடு சைவமா அசைவமா? இதில் நான் எடுத்து வைத்த வாதம் இன்றுவரை யாராலும் முறிக்கப்படவில்லை. படம் முழுக்கக் கரடி தேனும் பழமும்தான் தின்கிறது, ஆகவே கரடி சைவம். வாத்து எடுத்த எடுப்பிலேயே புழுவைத் தின்கிறது. தில்லை வாழ் அந்தணர் தம் அடியார்க்கும் அடியேன் என்று தினசரி பாடுகிற வாயால் இதையும் பேசினேன்.

கம்பெனியின் உள்ளூர் ஏஜெண்டு மந்திரமூர்த்தி எங்கள் சண்டையை ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து பார்த்தார். பூங்கா வாசலில் ஆள் உயரத்துக்கு மேல் ஒரு பொம்மை நிற்கவேண்டும், கரடியா வாத்தா என்று ஜனங்களே முடிவு செய்யட்டும் என்றார். இரண்டு வேஷமும் முக்கூடல் பஜாரில் நடக்கட்டும், எதன் பின்னால் கூட்டம் சேருகிறதோ அதற்குத்தான் வாசல். மதார் கறுப்புக் கம்பளியிலும் இலவம்பஞ்சிலும் கரடி தைத்தான். தைத்து முடித்துவிட்டு எல்லோரையும் ஏற இறங்கப் பார்த்தான். கரடிக்கு வேண்டிய வயிறு மன்றத்தில் என் ஒருவனுக்குத்தான் இருந்தது. முக்கூடல் என்றதும் தங்கள் நினைவு வந்து மறுத்தேன். தலையை மாட்டிவிட்டால் பெற்ற தாய்க்கும் அடையாளம் தெரியாது என்றான் மதார். கட்சியின் மானம் என்றும் ஒரு வார்த்தை சொன்னான். அதில் விழுந்தேன்.

அது நவராத்திரி வாரம் என்பது எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. ஜெய்சன் சர்ச்சுக்குப் போகிற வேதக்காரப் பையன், மதார் தொழுகை தவறாதவன், அவர்கள் மறந்தது குற்றமில்லை. நெற்றி நிறைய நீறு பூசுகிற நான் மறந்தேன் பாருங்கள். குலசை முத்தாரம்மனுக்கு நேர்ந்துகொண்டு காளி, குறவன், குரங்கு, கரடி என்று வேஷம் போட்டவர்கள் மேளம் கட்டி ஊர் ஊராகத் தர்மம் எடுத்து வருகிற நாள் அது. கரடித் தலைக்குள் மூக்குக்கண்ணாடி நுழையாது என்பதால் அதைக் கழற்றி மதாரிடம் கொடுத்துவிட்டேன். கண்ணாடி இல்லாவிட்டால் எனக்கு எருமையும் பஸ்ஸும் ஒன்றுதான். கம்பளிக்குள் வெயில் கொதிக்க, பஜாரில் இடது கையையும் இடது காலையும் சேர்த்துப் போட்டுப் பத்தடி நடந்திருப்பேன். யாரோ ஒரு அம்மாள் என் கையில் காசை வைத்து, கண்ணில் ஒற்றிக்கொண்டு போனாள். பின்னாலேயே ஒரு கைப்பிள்ளையை என் காலடியில் கிடத்தினார்கள். அதற்குள் ஒரு தசரா மேளக்காரர் கூட்டம் வந்து சேர்ந்தது. அதில் காளி வேஷம் போட்டிருந்தவர் என் கம்பளியைப் பிடித்து இழுத்து, "ஏ கரடி, செட்ட விட்டுட்டு இங்கன தனியா என்னவே செய்யுத, வாரும்" என்று என்னை நடுவில் விட்டுக்கொண்டார்.

நான் விலகியிருக்கலாம். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், விலக மனசு வரவில்லை. மேளம் முழங்குகிறது, எனக்குப் பின்னால் தெரு கொள்ளாத கூட்டம், மந்திரமூர்த்தி டீக்கடை வாசலில் நின்று பார்க்கிறார் என்று மதார் சொன்னான். வாத்து வேஷத்தில் வந்த ஜெய்சனைப் பிள்ளைகள் கொக்கு கொக்கு என்று விரட்டியதில், அவன் தலையைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு சர்பத் குடிக்கப் போய்விட்டானாம். கரடி ஜெயித்துவிட்டது என்ற மிதப்பில் நான் இன்னும் கொஞ்சம் அசைந்து அசைந்து நடந்தேன். மேளம் வீடு வீடாக நின்றது, நானும் நின்றேன். எந்தத் தெரு, எந்த வீடு என்று எனக்கு ஒரு மண்ணும் தெரியவில்லை. ஒரு வீட்டில் ஆரத்தி எடுத்தார்கள். ஒரு டம்ளரைக் கரடி வாயில் கவிழ்த்தார்கள். பாதி கம்பளியில் போனாலும் மீதி நாக்கில் பட்டது. சுக்குத் தட்டிப் போட்ட உடன்குடிக் கருப்பட்டிக் காப்பி. இந்தக் காப்பியை இதற்கு முன்னால் குடித்திருக்கிறோமே என்று நினைத்தேன். தாங்கள் எங்கள் வீட்டுக்கு வருவதற்கு முன், நான் தங்கள் வீட்டுக்குச் சாதகம் கொடுக்க வந்த அன்று மதினி கையால் குடித்த காப்பி. நினைத்து முடிப்பதற்குள் மதினியின் குரலே கேட்டது.

மதினி கேட்டதை ஒரு எழுத்துக் குறையாமல் எழுதுகிறேன். "தாயே, பாளையங்கோட்டையில பொண்ணு பாத்திருக்கோம். பிள்ள தங்கமா இருக்கா. அவ அப்பா விசயந்தான் ஒருமாதிரி சொல்லுதாவ. பொம்மப் படம் பாத்துக்கிட்டுத் திரியுத அருணாசலம் அவுகதானா, இல்ல அடுத்த தெருக்காரரா? அவுகதான்னா எங்களுக்கு யோசனதான். நீ ஒரு வாக்குச் சொல்லணும்." தாங்கள், சும்மா இரு என்று மதினியை அடக்கப் பார்த்தீர்கள். குரலைக் கேட்டால் தங்கள் குமாரன்தான், "கேக்கட்டும்ப்பா, வந்த வேஷம் வாக்குச் சொல்லாமப் போகாது" என்றார். மேளத்தை நிறுத்திவிட்டார்கள். தலையைக் கழற்றி வைத்துவிட்டு, நான்தான் அம்மா அது என்று சொல்லியிருக்கவேண்டிய நேரம். என் மகளுடைய வாழ்க்கை கரடித் தலைக்குள் இருந்த என் நாக்கில் நின்றது. நான் தொண்டையை மாற்றி, உறுமுகிற மாதிரி, "அடுத்த தெரு, அடுத்த தெரு" என்று இரண்டு தரம் சொன்னேன்.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் நினைக்க முடியவில்லை. என்னைவிட மூத்தவர், நாலு பேர் நியாயம் கேட்க வருகிற மனிதர், தாங்கள் மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கரடியின் காலில் விழுந்தீர்கள். நான் காளி வேஷக்காரர் தட்டிலிருந்து குங்குமம் எடுத்துத் தங்கள் நெற்றியில் பூசினேன். கண் தெரியாமல் பாதி மூக்கில் பூசிவிட்டேன். அதையும் துடைக்காமல் நின்றீர்களாம், மேளக்காரர்கள் சொல்லிச் சந்தோஷப்பட்டார்கள். காப்புக் கட்டவில்லை, விரதம் இல்லை, காலையில் பூண்டுச் சட்னியோடு ஆறு தோசை தின்றுவிட்டு வந்தவன் ஆத்தாள் பெயரைச் சொல்லிப் பொய் வாக்குச் சொன்னேன். கையில் விழுந்த தர்மத்தை எல்லாம் அவர்கள் உண்டியலிலேயே போட்டுவிட்டேன், அந்த ஒரு பாவம் மட்டும் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் உடம்பெல்லாம் வேர்க்குரு கிளம்பிவிட்டது. பிருந்தா சந்தனம் அரைத்துப் பூசிக்கொண்டே, அப்படி எந்த வெயிலில் போய் நின்றீர்கள் என்று கேட்டாள். பென்ஷன் ஆபீசில் வரிசை என்றேன். ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ் உண்டா என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சந்தனம் பூசுகிற கையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தபோது, இந்தக் கை தங்கள் வீட்டில் வந்து காப்பி போடும், கரடிக்கு ஊற்றிய அதே டம்ளரைக் கழுவி வைக்கும், தாங்கள் தினமும் அடுத்த தெரு அருணாசலம் எப்படி இருக்கிறார் என்று அவளிடம் விசாரிப்பீர்கள், அவள் விழிப்பாள் என்று ஒவ்வொன்றாகத் தோன்றியது. அண்ணாச்சி, பொய் சொல்லிக் கட்டிக்கொடுத்த பெண் அந்த வீட்டில் எப்படி நிமிர்ந்து நிற்பாள்?

ஆகவே எல்லாவற்றையும் எழுதிவிட்டேன். மன்றத்திலிருந்து விலகிவிட்டேன். காசெட்டுகளை ஜெய்சனிடம் ஒப்படைத்தாயிற்று. மந்திரமூர்த்தி வந்து கரடிதான் ஜெயித்தது என்றபோது, ஜெயித்த முகத்தை அவருக்குக் காட்டாமல் தலை வலிக்கிறது என்று உள்ளே போய்விட்டேன். மதார் அந்தக் கரடியை அவிழ்த்துத் தலையணையாக்கப் போகிறான். இனி எனக்கும் பொம்மைப் படத்துக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. தாங்கள் என்னை என்ன சொன்னாலும் தகும். தெருவில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டாலும் சரிதான். பெண்ணின் தலையில் மட்டும் அதை வைக்கவேண்டாம். அவள் கரடியைப் பார்த்துச் சிரித்ததைத் தவிர வேறு ஒரு தப்பும் செய்யாதவள்.

மதினிக்கு என் வணக்கம், மன்னிப்பு, இரண்டையும் சொல்லவும். சிரஞ்சீவி சிவசண்முகத்துக்கு என் ஆசீர்வாதம், அதைப் பெற்றுக்கொள்ள அவருக்கு விருப்பம் இருந்தால். தங்கள் குடும்பத்துக்கு முத்தாரம்மன் என் பேரில் உள்ள கோபத்தைக் காட்டாமல், எல்லாச் செல்வமும் தரட்டும்.

இப்படிக்கு,
தங்கள் முன் தலை நிமிர முடியாத,
அ. அருணாசலம்
(இந்தத் தெரு)

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப் பசை தேடிக்கொண்டிருக்கும்போது வாசலில் சைக்கிள் மணி கேட்டது. வந்தவர் மாப்பிள்ளை. இனி அப்படி எழுதலாம் என்று அவரே சொன்னார். இங்கே பாங்கில் வேலை முடிந்து நேராக வந்திருக்கிறார். தை மாதம் முகூர்த்தம் வைக்கத் தாங்கள் சம்மதித்துவிட்டதாகவும், நாளைக்கு முறைப்படி ஆள் வரும் என்றும் சொன்னார். எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. எழுதி வைத்ததை எல்லாம் வாயாலேயே ஒப்பித்துவிட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, "எடக் கையும் எடக் காலும் சேந்து போற கரடி இந்த ஜில்லாவுலயே ஒண்ணுதான் மாமா. வாசல்ல வரும்போதே எனக்குத் தெரிஞ்சுட்டு. அம்மைய வாக்குக் கேக்கச் சொன்னதே நாந்தான்" என்றார். ஜெய்சன் கடையில் காசெட் எடுக்க வருகிற சாக்கில் எங்கள் சண்டையை வெளியே நின்று பார்க்காத ஞாயிற்றுக்கிழமையே கிடையாதாம். இதை அப்பாவிடம் சமயம் பார்த்து நானே சொல்லிக்கொள்கிறேன், நீங்கள் சொல்லிவிடாதீர்கள் என்றார். ஆகவே இந்தப் பாராவைத் தாங்கள் படிக்காத மாதிரியே இருக்கவும்.

அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே நான் இந்தக் கடிதத்தைக் கிழிக்கப் போனேன். பிருந்தா அதை என் கையிலிருந்து வாங்கி, முதலிலிருந்து கடைசி வரை படித்தாள். படித்துவிட்டுத் தாள்களை மடித்து என் கையில் கொடுத்தாள். பிறகு சொன்னாள்: "கிழிக்காதீங்கப்பா. இப்படியே போடுங்க. அடுத்த தெரு அருணாசலத்துக்கு மகளா என்னால அங்கன போயி இருக்க முடியாது. நான் ஒங்க மகளாத்தான் போவேன்." அதனால்தான் கிழிக்காமல் அனுப்புகிறேன். மேலே கேட்ட மன்னிப்பெல்லாம் அப்படியே நிற்கட்டும், ஒன்றையும் வாபஸ் வாங்கவில்லை.

ஒன்றே ஒன்றைத் தவிர. மாப்பிள்ளை புறப்படும்போது, செருப்பை மாட்டிக்கொண்டே, "ஆனா மாமா, என்ன இருந்தாலும் வாத்துதான் ஒசத்தி" என்றார். நான் அவரைத் திரும்ப உட்காரவைத்தேன். பிருந்தா இரண்டு தடவை காப்பி போட்டாள். தெருவிளக்கு எரிந்த பிறகும் அவர் இறகு இறகு என்றே பேசுகிறார். போதாததற்கு, மந்திரமூர்த்தி வழியில் அவரைப் பார்த்துச் சொன்னாராம். கரடி காலில் ஜனங்கள் விழுந்ததைக் கேட்ட மதராஸ் கம்பெனி, இந்த ஊருக்குப் பூங்கா சரிப்படாது என்று முடிவு செய்து, அதே இடத்தில் தங்கும் அறைகளோடு கல்யாண மண்டபம் கட்டப்போகிறதாம். வாசல் பொம்மை மட்டும் உண்டாம், எது என்பது இன்னும் முடிவாகவில்லையாம். ஆகவே அண்ணாச்சி, மன்றத்திலிருந்து விலகிவிட்டேன் என்று மேலே எழுதிய வரியை மட்டும் அடித்துவிட்டுப் படிக்கவும். மதாரிடமும் கரடியை அவிழ்க்கவேண்டாம் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். தலைமுறை தலைமுறையாகச் சைவமான குடும்பத்தில் பிறந்த பிள்ளை புழுத் தின்கிற வாத்தைத் தூக்கிப் பிடிக்கலாமா? தைக்குள் தாங்கள்தான் அவருக்கு நல்ல புத்தி சொல்லிக் கரடி பக்கம் கொண்டுவர வேண்டும். தாங்கள் ஏற்கெனவே அதன் காலில் விழுந்தவர்கள்.